பெட்டிக் குளிர்

செத்தவர்களை வைக்கிற ஃப்ரீசர் பாக்ஸை வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன் நான். பெயர் குருநாதன். பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஃப்ரிட்ஜ், ஏசி ரிப்பேர் கடை, கூடவே அப்போது இரண்டு பெட்டி. நம்ம பக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் வெளிநாட்டில் இருக்கிறது. அதனால் செத்தவர்கள் காத்திருக்க வேண்டியிருக்கிறது, எனக்கும் பிழைப்பு ஓடியது.

போன மாசி மாதம் விக்கிரமங்கலத்துக்கு ஒரு பெட்டியைத் திரும்ப எடுக்கப் போனேன். ஓட்டு வீடு. பாடியை எடுத்து மூன்று மணி நேரமாகி, தரையெல்லாம் கழுவிவிட்டிருந்தார்கள். கூடத்தின் நடுவில் பெட்டி மட்டும் மூடி திறந்தபடி கிடந்தது. ஸ்விட்சை யாரும் அணைக்கவில்லை. உள்ளே ஒன்றுமில்லாமல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரும் தொட மாட்டேன்னுட்டாங்க தம்பி" என்றார் வெள்ளைச்சாமி. செத்துப்போன பாப்பாயி அம்மாளின் தம்பி.

"பொண்ணு வரலீங்களா?"

"வரல. குவைத்துல அது வேல பாக்குற வூட்டுல பாஸ்போர்ட்டக் குடுக்க மாட்டேன்னுட்டான். நாலு நாளு பாத்தோம். இனிமே தாங்காதுன்னு எடுத்துட்டோம்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வாசல்ல செருப்புச் சத்தம் கேட்டாப் போதும், 'பாக்கியம் வந்துட்டாளா'ன்னு கேக்கும் எங்கக்கா. கடைசி மூச்சுலயும் அதேதான் கேட்டுச்சு."

ஸ்விட்சை அணைத்தேன். பெட்டி உடனே அடங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுத்தான் நின்றது. சில கம்ப்ரசர் அப்படி நிற்கும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. திரும்பி வந்த பெட்டியை மஞ்சள் தண்ணீரில் கழுவி, ஒரு பகல் முழுக்க வெயிலில் திறந்து போட்டு, சூடம் காட்டிய பிறகுதான் அடுத்த வேலைக்குத் தொடுவோம். பயம் என்று சொல்ல மாட்டேன், ஒரு பழக்கம். இரண்டு பெட்டி வைத்திருந்த ஒன்பது வருஷத்தில் அதை நான் தவறவிட்டது அன்றைக்கு ஒரு நாள்தான்.

வரும் வழியிலேயே போன் வந்தது. பெரம்பலூரில் ஒரு மாடியில் இருக்கிற ஸ்கின் கிளினிக்கில் வேலை பார்க்கும் ஆர்த்தி. இடுப்பிலும் வயிற்றிலும் ஒரு கப்பைக் கவ்வ வைத்து, உள்ளே இருக்கிற கொழுப்பை உறைய வைத்துக் கரைக்கிற மெஷின் அங்கே இருக்கிறது. அதற்கு சர்வீஸ் நான்தான்.

"அண்ணா, மெஷின் கூலே ஆக மாட்டேங்குதுண்ணா. பேஷன்ட்டுங்க எல்லாம் திரும்பிப் போறாங்க, மேடம் என்னய திட்டுறாங்க."

போய்ப் பார்த்தேன். கம்ப்ரசர் கருகிப் போயிருந்தது. சென்னையிலிருந்து புதுசு வரப் பத்து நாள் ஆகும். கீழே என் வண்டியில் பாப்பாயி அம்மாளின் பெட்டி நின்றுகொண்டிருந்தது. அதே அளவு கம்ப்ரசர், நல்ல ஓட்டத்தில். கையில் ஸ்பானர் இருக்கிறவனுக்கு அதற்கு மேல் யோசனை ஓடாது. கழற்றி இதில் மாட்டினேன். ஐந்து நிமிடத்தில் கப்பில் பனி பூத்துவிட்டது. கம்பெனியிலிருந்து வந்த அன்றைக்குக்கூட இவ்வளவு சீக்கிரம் குளிர்ந்ததில்லை என்று ஆர்த்தி சந்தோஷப்பட்டாள். அந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கூலிக்குப் பதிலாக என் மனைவிக்கு ஒரு முறை அந்தச் சிகிச்சையை இலவசமாகச் செய்கிறோம் என்றார் கிளினிக் மேடம். ஓசி என்றால் பினாயிலைக்கூடக் குடிக்கிற புத்தி. சரி என்றேன்.

இதில் என் பாவம் இன்னொன்றும் இருக்கிறது. என் மனைவி சத்யப்பிரியாவின் வயிற்றைப் பற்றி நான்தான் அடிக்கடி கேலி பேசுவேன். எங்கள் மகள் இலக்கியா பிறந்து ஆறு வருஷம் ஆகிறது. "பாப்பா வெளிய வந்தது இன்னும் உங்க வயித்துக்குத் தெரியல போலிருக்கே மேடம்" என்று ஒரு வளைகாப்பு வீட்டில் நாலு பேர் முன்னால் சொன்னேன். சத்யாவும் சிரித்தாள். அதற்குப் பிறகு கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று முந்தானையை இழுத்துவிட்டுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அப்போதாவது வாயை மூடியிருக்கலாம்.

மறுநாள் காலையில் நானே அழைத்துப் போனேன். ரிப்பேருக்குப் பிறகு அந்த மெஷினில் படுத்த முதல் ஆள் அவள்தான். வயிற்றில் ஈரமான ஒரு ஷீட்டைப் போட்டு, கப்பை வைத்தார்கள். சதையை அது உள்ளே இழுத்துக்கொண்டது. முதல் பத்து நிமிடம் பல்லைக் கடித்தாள், பிறகு மரத்துவிட்டது. ஒரு மணி நேரம் கழித்துக் கப்பை எடுத்தபோது அந்த இடம் வெண்ணெய்க் கட்டி மாதிரி விறைத்து எழும்பி நின்றது. ஆர்த்தி இரண்டு நிமிடம் அழுத்திப் பிசைந்துவிட்டாள்.

"வலிக்கல" என்றாள் சத்யா, படி இறங்கும்போது. "ஆனா யாரோ வயித்துல கைய வச்சுக்கிட்டே இருந்த மாதிரி இருந்துச்சுங்க."

"கப்பு இழுக்குறது அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

இரண்டு நாள் சிவப்பு, ஒரு வாரம் ரத்தக்கட்டு, நடுநடுவே ஊசி குத்துகிற மாதிரி ஒரு வலி. இதெல்லாம் வரும், போய்விடும் என்று கிளினிக்கில் எழுதியே கொடுத்திருந்தார்கள். மரத்துப்போனது மட்டும் போகவில்லை. சத்யா வீட்டில் பிளவுஸ் தைக்கிறவள். ஒரு நாள் குண்டூசி ஒன்று சேலையோடு வயிற்றில் குத்தி நின்றிருந்தது. நான் பார்த்துச் சொல்லும் வரை அவளுக்குத் தெரியவில்லை.

சித்திரையில் வயிறு குறைய வேண்டிய நேரத்தில், கப்பு வைத்த இடம் மட்டும் வளர ஆரம்பித்தது. கப்பின் நீளம், கப்பின் அகலம், நான்கு மூலையும் தெரிந்தது. கல் மாதிரி கெட்டி. கிளினிக்கில் கையைப் பிசைந்துகொண்டு திருச்சிக்குப் போகச் சொன்னார்கள். திருச்சி டாக்டர் பொறுமையாக விளக்கினார். ஆயிரத்தில், ரெண்டாயிரத்தில் ஒருவருக்கு இப்படி ஆகுமாம். உறைந்து சாக வேண்டிய கொழுப்பு பிடிவாதமாகப் பெருத்துவிடுமாம். உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தானாகக் கரையாது. மாதக்கணக்கில் காத்திருந்து, அது முழுசாக அடங்கிய பிறகு ஆபரேஷனில்தான் உறிஞ்சி எடுக்க வேண்டும்.

"காத்திருங்க, வேற வழியில்ல" என்றார். தொட்டுப் பார்த்த கையை வெள்ளைக் கோட்டில் தேய்த்துக்கொண்டே நர்ஸைக் கூப்பிட்டு ஏசியைக் குறைக்கச் சொன்னார்.

அந்த அறையில் ஏசி ஓடவில்லை. உள்ளே நுழைந்ததுமே பார்த்துவிட்டேன், என் தொழில் அது.

அக்னி நட்சத்திரம் ஆரம்பித்தது. மத்தியானத்தில் தெருவில் நாய்கூட நடக்காத வெயில். இலக்கியாவுக்கு லீவு. அவளுக்கு ஒரு பழக்கம், ஓடி வந்து அம்மா மடியில் தலை வைத்து, கன்னத்தை வயிற்றில் ஒட்டிக்கொண்டு படுப்பாள். "அம்மா வயிறு ஜில்லுன்னு இருக்குப்பா, நீயும் தொட்டுப் பாரேன்" என்றாள் ஒரு நாள். சிரித்துக்கொண்டே தொட்டேன்.

கை ஈரமாகியது.

சேலைக்கு அடியில், அந்தக் கட்டியின் மேல் மட்டும், பொடிப் பொடியாகத் தண்ணீர் முத்துகள். வியர்வை வெதுவெதுப்பாக இருக்கும். இது குளிர்ந்த தண்ணீர். பெட்டியின் கண்ணாடி மூடியில் நிற்குமே, அழுகிறவர்கள் முகம் தெரிவதற்காகத் துடைத்துத் துடைத்து விடுவார்களே, அந்தத் தண்ணீர். அன்றைக்குத்தான் எனக்கு விக்கிரமங்கலம் ஞாபகம் வந்தது. இலக்கியாவைத் தூக்கி வெளியே விட்டுவிட்டு, இனிமேல் அம்மா மடியில் படுக்கக்கூடாது என்றேன். ஏன் என்று கேட்டு அழுதாள்.

மறுநாள் மூன்று மணி இருக்கும். சத்யா தையல் மெஷினில் இருந்தாள். பிளவுஸ் வாங்க யாரோ வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார்கள். மெஷின் சத்தம் நின்றது.

"பாக்கியம் வந்துட்டாளா?"

சத்யாவின் குரல் இல்லை அது. வயசான, பல் போன வாயிலிருந்து காற்றோடு வருகிற குரல்.

நான் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். சாவு வீட்டுக் கதை எதையும் நான் வீட்டில் பேசுவதில்லை. அந்தப் பெயரை என் மனைவியிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

"என்ன கேட்ட சத்யா?"

"நானா? ஒண்ணுமில்லீங்களே" என்றாள், தன் குரலில். மெஷின் மறுபடி ஓடியது.

சாயங்காலமே கிளினிக்குக்குப் போய், சென்னையிலிருந்து வந்து சும்மா கிடந்த புதுசை மாட்டி, அந்தக் கம்ப்ரசரைக் கழற்றிக்கொண்டு வந்தேன். மற்றவர்கள் யாருக்கும் ஒன்றும் இல்லை என்றாள் ஆர்த்தி. மஞ்சள் தண்ணீர் விட்டேன், சூடம் காட்டினேன், மூன்று நாள் வெயிலில் போட்டேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அந்த இரும்பு மூன்று நாளில் கை வைக்க முடியாதபடி கொதித்தது. என் மனைவியின் வயிறு குளிர்ந்துகொண்டே போனது. முதலில் கட்டி மட்டும், பிறகு விலா, பிறகு இடது தொடை. கால் மரத்து, சுவரைப் பிடித்து நடந்தாள். எது உடைந்தாலும் சரி பண்ணிவிடுவேன் என்று இருபது வருஷமாகப் பெருமை பேசியவன் நான். என் கண் முன்னால் என் பொண்டாட்டி கொஞ்சம் கொஞ்சமாகப் பெட்டியாகிக்கொண்டிருந்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேப்பந்தட்டையில் இருக்கிற என் அக்கா ஜெயசித்ரா வந்தாள். வயிற்றைத் தொட்டுப் பார்த்தவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"வயித்துல மாவெளக்கு போடுறேன்னு மாரியாத்தாளுக்கு வேண்டியிருக்கேன். நாளைக்கே கூட்டிக்கிட்டு வா."

அவள் ஊர்க் கோவிலில், உச்சிப் பொழுதில், கருங்கல் தரையில் சத்யாவைப் படுக்க வைத்தார்கள். கல் சுட்டது. நாங்கள் ஈரச் சாக்கைப் போட்டு அதன் மேல் நின்றோம். வயிற்றில் ஈரத் துணி, அதன் மேல் வாழை இலை, அதன் மேல் வெல்லம் போட்டு இடித்த பச்சரிசி மாவு உருண்டை. குழியில் நெய் ஊற்றித் திரி போட்டு ஏற்றினார் பூசாரி பிச்சைமுத்து. சுடர் நேராக நின்றது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கும் ஒரு நிமிடம் நம்பிக்கை வந்தது.

பிறகு சுடர் சிறுத்தது.

காற்று இல்லை. பூசாரி குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன்.

நெய் உறைந்துகொண்டிருந்தது.

ஓரத்திலிருந்து நடுவுக்கு, வெள்ளை வெளேரென்று. கத்திரி வெயிலில், எரிகிற திரிக்குக் கீழே, நெய் கட்டியாகித் திரியைப் பிடித்துக்கொண்டது. சுடர் அணைந்தது. பூசாரி உருகிய நெய்யை ஊற்றி மறுபடி ஏற்றினார். அதுவும் உறைந்தது. மூன்றாவது தடவை அவர் ஏற்றவில்லை.

அந்த நேரத்தில் யாரோ பெண்கள் வந்து கோவில் வாசலில் செருப்பை விட்டார்கள். சத்யா தலையை மட்டும் அந்தப் பக்கம் திருப்பினாள்.

"பாக்கியம் வந்துட்டாளா?"

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிச்சைமுத்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டார். "யாரு தாயி நீ? என்ன வேணும் ஒனக்கு?"

"எம் மவளப் பாக்கணும்."

"பாத்தாப் போயிடுவியா?"

சத்யா கண்ணைத் திறந்து, "எவ்வளவு நேரம்ணே படுத்திருக்கணும், முதுகு சுடுது" என்றாள்.

"அது யார கேக்குதோ அவுங்கள கொண்டாந்து காட்டுங்க" என்றார் பூசாரி என்னிடம். "எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

வெள்ளைச்சாமியைப் பிடித்து, குவைத்துக்குப் பேசினேன். பாக்கியம், முழுப் பெயர் பாக்யலட்சுமி, முதலில் நம்பவில்லை. செருப்புச் சத்தத்தைச் சொன்னதும் அழுதாள். எப்படியோ அந்த வீட்டுக்காரரின் காலில் விழுந்து, பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு ஆனி மாதம் வந்துவிட்டாள். அதற்குள் சத்யாவின் இரண்டு காலும் மரத்துவிட்டன. நாற்காலியில் உட்கார்த்தி வைத்தால் உட்கார்ந்திருப்பாள். பேச்சு குறைந்துவிட்டது. இலக்கியா அறை வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போவாள்.

வெள்ளைச்சாமியோடு பாக்யலட்சுமி வந்த அன்றைக்கு மத்தியானம் நான் அறையில் சத்யா பக்கத்தில் நின்றிருந்தேன். வாசலில் செருப்புச் சத்தம்.

"பாக்கியம் வந்துட்டாளா?"

"வந்துட்டாங்க" என்றேன். "இதோ, வந்துட்டாங்க பாருங்கம்மா."

பாக்யலட்சுமிக்கு நாற்பது வயதிருக்கும். தலை பாதி நரைத்திருந்தது. ஓடி வந்து சத்யாவின் காலடியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்தக் கட்டியைத் தொட்டாள். தொட்டவுடன் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"அம்மா. நான் வந்துட்டேம்மா. என்னய மன்னிச்சிரும்மா."

சத்யா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கோபம் இல்லை, வெறுப்பு இல்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியைப் பார்க்கிற பார்வை.

"நீ யாரு தாயி?"

"பாக்கியம்மா. ஒம் பாக்கியம்."

"எம் பாக்கியம் சின்னப் புள்ளயாச்சே" என்றது அந்தக் குரல். "இப்பத்தான் முன்னாடி ரெண்டு பல்லு விழுந்துச்சு."

பாக்யலட்சுமி கையை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்த வாரம்தான் இலக்கியாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தது. அது எனக்குப் புத்தியில் ஏறிய அதே நேரம் தெருவில் ஸ்கூல் வேன் ஹாரன் அடித்தது.

நான் வாசலுக்குப் பாய்ந்தேன். நடுவில் வெள்ளைச்சாமி, நாற்காலி, பாக்யலட்சுமியின் பை. நாலே எட்டு. என்னால் முடியவில்லை. இலக்கியா செருப்பைக் கழற்றி வீசிவிட்டு, என் கைக்கு அடியில் குனிந்து ஓடினாள். இரண்டு மாதமாகக் கிடைக்காத மடி. கன்னத்தை வயிற்றில் வைத்து அம்மாவை இறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

சத்யாவின் கை அவள் தலையில் இறங்கியது.

"வந்துட்டா" என்றது அந்தக் குரல்.

நான் குழந்தையைப் பிய்த்து எடுத்தேன். நெற்றி, கழுத்து, கை, கால் எல்லாம் தொட்டுப் பார்த்தேன். நல்ல சூடு, வெயிலில் வந்த பிள்ளையின் சூடு. "என்னப்பா?" என்று சிணுங்கினாள். அதே நேரம் நாற்காலியில் இருந்த சத்யா, "ஏங்க, ஃபேனைப் போடுங்களேன், என்னா வேக்காடு" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கழுத்தில் வியர்வை ஓடியது. பாக்யலட்சுமியைப் பார்த்து, "யாருங்க்கா, பிளவுஸுக்கா வந்துருக்கீங்க?" என்று கேட்டாள்.

பதினைந்தே நாளில் கட்டி கரைந்துவிட்டது. கால் திரும்பியது. திருச்சி டாக்டர் மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "இது தானா கரையாதேங்க" என்று தலையைச் சொறிந்தார். படம் எடுத்து வைத்துக்கொண்டார். அக்கா கோவிலுக்குப் பொங்கல் வைத்தாள். சத்யா எதையும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. சுவரைப் பிடிக்காமல் அவள் அடுப்படிக்கு நடந்து போன காலையில் நான் கடைக்குப் போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன்.

இலக்கியாவை மட்டும் விடாமல் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சாப்பிடும்போது, படிக்கும்போது. ஒன்றுமில்லை. ஓடினாள், சண்டை போட்டாள், ஹோம்வொர்க்குக்கு அழுதாள். பெட்டி இரண்டையும் துறையூர்க்காரன் ஒருவனுக்குத் தள்ளிவிட்டேன். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டவனுக்கு, அது இறங்கிப் போய்விட்டது என்று நம்ப ஆசையாக இருந்தது. நம்பவும் செய்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கறிச்சோறு தின்றுவிட்டு இலக்கியா கூடத்தில் பாயில் தூங்கினாள். அவள் தூங்குகிற லட்சணம் எனக்குத் தெரியும். கை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், தலை பாயை விட்டு வெளியே. அன்றைக்கு மல்லாந்து நேராகப் படுத்திருந்தாள். கை இரண்டும் பக்கத்தில் ஒட்டியிருந்தன. போர்வையை இழுத்துவிடக் குனிந்தபோது பாதத்தைப் பார்த்தேன்.

கால் கட்டைவிரல் இரண்டும் சேர்ந்திருந்தன.

செத்தவர்களைப் பெட்டியில் வைப்பதற்கு முன்னால் அப்படித்தான் சேர்த்து, வெள்ளைத் துணியைக் கிழித்துக் கட்டுவார்கள். எத்தனையோ கட்டு பார்த்திருக்கிறேன். இவள் காலில் துணி இல்லை, நூல் இல்லை, ஒன்றுமே இல்லை. கட்டு இறுகுகிற இடத்தில் மட்டும் தோல் வெளுத்துப் பள்ளம் விழுந்திருந்தது.

பிரித்துவிடலாம் என்று மெதுவாக இழுத்தேன். வரவில்லை.

இரண்டு கையாலும் இழுத்தேன். ஆறு வயசுப் பிள்ளையின் விரல். வரவில்லை.

உள்ளேயிருந்து தையல் மெஷின் சத்தம் நின்றது. "பாப்பா எந்திரிச்சுட்டாளாங்க?" என்றாள் சத்யா.

"இல்ல, தூங்குறா" என்றேன்.

மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது. நான் அந்த விரல்களைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன்.